ஆனியில் போன பை

குக்கரில் மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, ஆவி அடங்குமுன்பே கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிவிடுவாள் அத்தை. புஸ்ஸென்று பருப்புத் தண்ணீர் சுவரெல்லாம் தெறிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அத்தை வீட்டில் சமையல் முடிந்துவிட்டது. முடிந்திருக்காது. அரிசி நடுவில் வெள்ளையாக நிற்கும். மாமா அதை ஒரு வார்த்தை சொல்லாமல் மென்று தின்றுவிட்டு பிம்ப்ரி மருந்துக் கம்பெனிக்கு ஷிப்டு போவார். அவர் அத்தனை மெதுவான மனிதர். செருப்பு மாட்டவே அவருக்கு ஒரு தனி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அத்தை தெருமுனை வரை போய் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாள்.

உண்மையில் அவள் எனக்கு அத்தை இல்லை. புனாவில் போபோடிப் பக்கம், சால் என்று சொல்லும் எங்கள் வரிசைக் குடியிருப்பில் முதல் வீடு அவளுடையது, நான்காவது எங்களுடையது. இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம். அப்பா அவளைத் தங்கச்சி என்றார், அம்மா மதினி என்றாள், ஆகவே எனக்கு அத்தை. கட்கி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஊர்ப் பேச்சு கேட்பதற்கு இருந்த இடம் அந்த ஒரு வீடுதான்.

தெருவில் மராத்திப் பிள்ளைகள் அவளை "லவ்கர் காகூ" என்பார்கள். லவ்கர் என்றால் சீக்கிரம், காகூ என்றால் சித்தி. புனாவுக்கு வந்து அவள் கற்றுக்கொண்ட முதல் மராத்தி வார்த்தை அது, வெகுநாள் வரை அது ஒன்றே போதுமானதாகவும் இருந்தது. காய்கறிக்காரரிடம் லவ்கர், ரிக்‌ஷாக்காரரிடம் லவ்கர், பிள்ளையாரைக் கரைக்கக் கொண்டுபோகும் ஊர்வலத்தைப் பார்த்தும் லவ்கர். பஸ் ஸ்டாப்பில் அவள் நின்று யாரும் பார்த்ததில்லை. பஸ் வரவில்லையென்றால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பிப்பாள். இரண்டு ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும்போது பஸ் அவளைத் தாண்டிப் போகும். "சவம், இப்பம் வருது பாரு" என்று அதைப் பார்த்துக் கையை ஓங்குவாள். மறுநாளும் நடப்பாள்.

ஏன் இப்படி என்பதற்குச் சாலில் ஆளுக்கொரு கதை இருந்தது. சின்ன வயதில் ஏதோ ஒரு சாவுக்குப் பிந்திப் போய் முகம் பார்க்க முடியாமல் போயிற்று என்று ஒரு கதை. பிள்ளை இல்லாத ஏக்கம் என்று ஒரு கதை, அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். மாமாவைக் கேட்டால் சிரிப்பார். "கெட்டிமேளம்னு ஐயர் சொல்லுததுக்கு முந்தியே கழுத்த நீட்டிட்டா. நான் தாலியைக் கையிலயே எடுக்கல" என்பார். ஒரு முறை நானே அத்தையைக் கேட்டேன்.

"ஏன் அத்தை இப்படி பாகம்பாக் பண்றீங்க?"

"எப்படி?"

"இப்படித்தான். ஓடிட்டே."

நின்று யோசித்தாள். யோசிக்கும்போதே கை துணி மடித்துக்கொண்டிருந்தது. "தெரியலட்டீ. நின்னா காலு குறுகுறுங்குது" என்றாள்.

பின்னால், மாமா ரிட்டயர் ஆகும் சமயத்தில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். ஊரோடு போய்விடுவது என்று முடிவானதும் அத்தை வீட்டுச் சாமான் மொத்தத்தையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். மாமாவுக்கு வேலை முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுக்க மனிதர் வெற்று வீட்டில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளரோடு இருந்தார். அத்தையும்தான். "எதுக்கு இங்க சும்மா கெடக்கணும், சாமானாவது முந்திப் போய்ச் சேரட்டும்" என்றாளாம். விடுமுறைக்கு வந்த நான் போய்ப் பார்த்தபோது எனக்கு உட்கார அன்றைய செய்தித்தாளை விரித்துப் போட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகள் எல்லாம் பையைக் கொண்டுபோய் வைத்தன.

அது ஒரு வழக்கம். ஊருக்குக் கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நேரத்தில் பையை மட்டும் வெளியே அனுப்பி இன்னொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் டிக்கெட் இருக்கிற நாளில் பையை அந்த வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகலாம், நாள் நட்சத்திரம் ஒன்றும் செய்யாது. பரஸ்தானம் என்று இதற்குப் பெயர். ஒரே ஒரு விதி உண்டு. வெளியே போன பை மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் போகிறவருக்கு ஆகாது.

அத்தை இந்த வழக்கத்தை முழு மனதாக நம்பினாள். அதோடு, அதைக் கொண்டு வேறொரு காரியமும் நடத்தினாள். பிள்ளையைப் படிக்க வெளியூர் அனுப்பலாமா, இந்த வருஷமா அடுத்த வருஷமா என்று ஒரு வீட்டில் இழுத்துக்கொண்டிருந்தால் அவளால் தாங்க முடியாது. நல்ல நேரம் பார்த்து நேரே போய்ப் பையைத் தூக்கி வந்துவிடுவாள். "பை என் வீட்ல வந்து ஒக்காந்தாச்சு. இனி என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?" பேச்சு உண்மையிலேயே நின்றுவிடும். பெற்றவர்களுக்கும் உள்ளூர ஒரு நிம்மதிதான், முடிவு தங்கள் தலையில் இல்லை என்று. இப்படியே எங்கள் சந்திலிருந்து மூன்று நான்கு பேரை அவள் கல்லூரிக்கு ஏற்றுமதி செய்திருந்தாள்.

மூலை வீட்டு அண்ணன் அதில் ஒருவன். திருச்சிக்குப் போனவன் ஒரே மாதத்தில் மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தான். தண்ணீர்க் குழாயடியில் அவன் அம்மா எல்லோர் எதிரிலும் அத்தையைப் பிடித்துக்கொண்டாள். "என் பிள்ளைய நீதான் வெரட்டுனே. செத்த பொறுத்துப் போயிருந்தா அவனுக்கு இது வந்திருக்குமா?" மறுநாளிலிருந்து அத்தை தினமும் விடிவதற்குள் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோனாள், அவன் பல் தேய்க்குமுன்னே. அவன் எழுந்து நடக்க ஆரம்பித்த வாரம் மறுபடி அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். "பய எந்திரிச்சு நிக்கான். அடுத்த வளர்பிறையில நாள் நல்லாருக்கு. பையைக் குடுங்க." அந்த அம்மாள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து கொடுத்தாள். அவன் படித்து முடித்து நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் அன்று குழாயடியில் அத்தை குடத்தைக் கூட நிரப்பாமல் திரும்பிப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்து என் முறை வந்தது.

பன்னிரண்டாவது ரிசல்ட் வந்து, கோயம்புத்தூரில் பிசியோதெரபிக்கு எனக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. ஜூலை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். வீட்டில் தினமும் இதே பேச்சு. அப்பா நேர்வழிக்காரர். "போறதுன்னா இப்பமே போ. இல்லன்னா இங்க பி.எஸ்ஸி சேந்துக்கோ. விட்ட எடம் அடுத்த வருசம் கெடைக்குமான்னு எவனும் சொல்ல மாட்டான். நீதான் முடிவு பண்ணணும்" என்பார். அம்மா, "பதினேழு வயசுப் பிள்ள, ஆத்துப் பாலத்தத் தாண்டி ஒத்தையில போனதில்ல. ஆடி வேற பொறக்கப் போவுது. ஒரு வருசம் இருந்துட்டுப் போனா என்ன குடி முழுகிரும்?" என்பாள்.

நான்? எனக்குக் காலையில் ஒரு மனம், சாயங்காலம் ஒரு மனம். போக வேண்டும் என்று ஆசை கிடந்து அடித்துக்கொண்டது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு என்னை நானே கண்ணாடியில் பார்ப்பது போல் நினைத்துக்கொள்வேன். அடுத்த நிமிஷம் ஊரில் பட்ட அவமானம் ஞாபகம் வரும். அதற்கு முந்தின வருஷம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் என் தமிழைக் கேட்டு ஒரு அக்கா என்னைப் பேச வைத்துப் பேச வைத்து ஒரு பந்திக்கே வேடிக்கை காட்டினாள். பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்க எழுத்துக் கூட்டினேன், கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. இங்கே நான் மதராஸி, அங்கே போனால் இந்திக்காரி. அந்த ஊரில் போய் எப்படி நாலைந்து வருஷம் இருக்கப் போகிறேன்? சிவப்பு ரெக்ஸின் பையை எடுத்துத் துணியை அடுக்குவேன். கொஞ்ச நேரம் கழித்து எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் திரும்ப வைப்பேன். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, துணி எதுவும் சரியாகக் காயவில்லை.

ஆனி முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அத்தை வந்தாள். ரெயின்கோட்டைக் கூடக் கழற்றவில்லை. அன்றைக்குப் பை பாதி அடுக்கிய நிலையில் கட்டிலில் கிடந்தது, என் கெட்ட நேரம்.

"மதினி, இன்னும் அரைமணி நேரந்தான் நல்லாருக்கு. அதுக்கப்புறம் ராகு காலம், நாளைக்கு நாள் கொள்ளாது, அதுக்கடுத்தாப்புல ஆடி. பை ஆனியில கெளம்பிட்டா, பிள்ளை ஆடியில போனாலும் ஆனியில போன கணக்கு."

"மதினி, நாங்க இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து மாவுக் கையோடு.

"அதான் நான் வந்திருக்கேன்லா."

"அத்தை, ஒரு நிமிட் இருங்க. நான் இன்னும் டிசைட் பண்ணவே இல்ல" என்றேன்.

"பையைப் பாதி அடுக்கியிருக்கியே, பின்ன எதுக்குட்டீ? சினிமாவுக்குப் போறதுக்கா?" ஜிப்பை இழுத்து மூடினாள். அது பாதியில் சிக்கியது, மூடாமலே தூக்கிவிட்டாள். என் நீல துப்பட்டாவின் ஒரு முனை வெளியே தொங்க, மழையில் இறங்கிப் போய்விட்டாள். அம்மாவும் நானும் வாசலில் நின்று பார்த்தோம். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "போயிட்டே" என்றாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அப்பா விஷயம் கேட்டுச் சிரித்தார். மறுநாளே டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வாரம் போல் நான் எந்த வாரமும் கழித்ததில்லை. வீட்டில் இருந்தேன், ஆனால் கிளம்பிவிட்டவள். அம்மா எனக்குப் பிடித்ததாகச் சமைத்துத் தள்ளினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் விருந்தாளியிடம் பேசுவது போல் பேசினார்கள். நல்ல துணியெல்லாம் பையில் போய்விட்டதால் இரண்டு பழைய சல்வாரையே மாற்றி மாற்றி ஈரத்தோடு போட்டுக்கொண்டேன். சீப்பும் பையில்தான் இருந்தது. போய்க் கேட்டேன்.

"அத்தை, என் சீப்பு மட்டும் எடுத்துக்கிறேன்."

"பையில கை வைக்கப்படாது. கெளம்பின சாமான் கெளம்பினதுதான்." தன் சீப்பை எடுத்து என்னை இழுத்து உட்கார வைத்துத் தலை வாரத் தொடங்கினாள். பின்னலில் பாதி மயிர் வெளியே நிற்கும்போதே ரப்பர் பேண்டைப் போட்டு முடித்துவிட்டாள். பை அவள் வீட்டு மூலையில், ஸ்டூலின் மேல், பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தி உட்கார்ந்திருந்தது. சிக்கியிருந்த ஜிப்பைச் சரி செய்திருந்தாள். பக்கத்தில் பருப்புப் பொடி, ஒரு டப்பா ஊறுகாய், புதுத் துண்டு. தன் பிள்ளைக்கு எடுத்து வைப்பது போல் வைத்திருந்தாள். எனக்கு அவள் மேல் பிரியமாகவும் இருந்தது, அந்த மூலையைப் பார்க்கவே மூச்சு முட்டவும் செய்தது.

குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. "அவங்க வீட்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. நாந்தான் அந்தப் பிள்ளைய அனுப்புதேன்."

பெருமையாகத்தான் சொன்னாள், அதில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்க நான் அப்படியே நின்றேன். அப்பா முடிவை என்னிடம் விட்டிருந்தார். அதை நான் செய்யவில்லை, அம்மா செய்யவில்லை, ஒரு பை செய்துவிட்டது. கோயம்புத்தூரில் போய் என்னால் முடியாமல் போனால், அத்தை அனுப்பினாள் என்று சொல்வேன். முடிந்தாலும் அத்தை அனுப்பினாள் என்றுதான் ஆகும். இரண்டும் எனக்குச் சகிக்கவில்லை.

அன்று மத்தியானமே அவள் வீட்டுக்குப் போனேன். மாமா ஷிப்டுக்குப் போயிருந்தார்.

"அத்தை, பையை எடுத்துட்டுப் போறேன்."

"இன்னைக்கா? ரயிலு வெள்ளிக்கிழமைல்லா?" அவளுக்குக் கண் பளபளத்தது. முன்கூட்டியே போகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"ஸ்டேஷனுக்கு இல்ல. வீட்டுக்கு."

கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துவிட்டது. "ஏட்டி, வேண்டாம். போன பை திரும்பப்படாது. ஒனக்குப் போக இஷ்டம் இல்லன்னா போவாத, பையி இங்கயே கெடக்கட்டும். வருசம் பூரா கெடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

"நான் இன்னும் எங்கயும் போகல அத்தை. போகாதவளோட பை எதுக்கு வெளிய இருக்கணும்?"

கையைப் பிடித்தாள். அவள் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவளே விட்டுவிட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு நடுவில் இருந்த இரண்டு வீட்டைக் கடந்து வந்தேன். எல்லா வாசலிலும் ஆட்கள். அம்மா என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள், ஆனால் கதவை அகலத் திறந்தாள். இந்த வருஷம் போகவில்லை என்று அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் பையைப் பார்த்தார், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். "முடிவுன்னு ஒண்ணு பண்ணியிருக்கே. அது வரைக்கும் சரி" என்றார். இடம் போயிற்று. அந்த வருஷத்துக்குப் போயிற்றா, ஒரேயடியாகப் போயிற்றா என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஜூலை கடைசி நாள் நான் குப்புறப் படுத்து அழுததை அம்மாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பிம்ப்ரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி சேர்ந்தேன். காலையில் பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புவேன். கட்கி பஜாரில் தமிழ்ப் பத்திரிகை தொங்கும் கடை ஒன்று உண்டு. வாரம் ஒன்றாக வாங்கி, விளம்பரம் முதற்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். பஸ்ஸில் ஒரு சீட்டுக்குச் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். பாலத்தைத் தாண்டுவது ஒரு விஷயமாகவே இல்லாமல் போயிற்று. ஆனாலும் மனம் நிலைகொள்ளவில்லை. செய்தது சரிதானா என்று தினமும் ஒரு தரமாவது கேட்டுக்கொள்வேன்.

அத்தை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதைக் கூடப் பொறுத்திருப்பேன். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெருமுனையில் நிற்பாள். மழைக் காலத்தில் குடையோடு, குளிரில் ஸ்வெட்டரோடு. என்னை மேலும் கீழும் பார்ப்பாள். திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். போகாமல் இங்கேயே கிடக்கிறாயே என்று தினமும் சொல்லிக்காட்டத்தான் இப்படி வந்து நிற்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் பஸ் வழியில் நின்றுபோய் வெகுநேரம் கழித்து வந்தேன். அன்றும் நின்றாள், தலையெல்லாம் நனைந்து. "என்ன அத்தை, அட்டெண்டன்ஸா?" என்று கேட்டேவிட்டேன். முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே நடந்துவிட்டாள். அந்த வருஷம் எங்கள் சந்தில் இருந்த ஒரு பேங்க்காரர் வீட்டில் மகனை வெளியூர் அனுப்பப் பை வைக்க வந்தபோது, "எங்க வீட்ல எடம் இல்ல" என்று கதவடியிலேயே சொல்லி அனுப்பிவிட்டாளாம். அம்மா சொல்லி ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த ஜூனில் மறுபடி விண்ணப்பித்தேன். மறுபடி கிடைத்தது. இந்த முறை வீட்டில் விவாதம் இல்லை. சாப்பிடும்போது, "நான் போறேன். செவ்வாய்க்கிழமை டிக்கெட் இருக்கு" என்றேன். அம்மா காலண்டரைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள், பிறகு பார்க்காமலே சாதம் போட்டாள். "மதினி வீட்ல பையை..." என்று ஆரம்பித்தாள். "வேண்டாம்மா. பையும் நானும் சேந்தே போறோம்."

அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் போக மனம் வரவில்லை. போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். அத்தை அடுப்படியில் நின்றாள்.

"அத்தை, எனக்கு திரும்பவும் இடம் கிடைச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை கிளம்புறேன்."

அவள் திரும்பவில்லை. நான் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தபோது, கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அத்தை தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்னட்டி செஞ்சிருப்பேன்?" என்றாள். "தூக்கிட்டு வந்தது நானு. நீ கேட்டியா? ஒங்கம்மா கேட்டாளா? நானாத் தூக்கிட்டு வந்தேன். திரும்பிப் போன பையி. தெனமும் ஒன்ன அந்தப் பஸ்ஸு கொண்டாந்து எறக்குத வரைக்கும் எனக்கு உசிரே இல்ல. ஒன் முகத்தப் பாத்துப் பேசக் கூட பயந்து கெடந்தேன், என் வாயால எதுவும் வந்துரக் கூடாதேன்னு."

மாமா இன்னொரு சாக்ஸைக் கையில் வைத்தபடி, "ஒரு வருசமா ராத்திரிக்கு இவ அடுப்பு பத்த வைக்கதே நீ பஸ்ஸு எறங்குன பெறவுதாம்மா" என்றார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அந்த விதியில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அப்போது முக்கியமாகப் படவில்லை. ஒரு வருஷமாக ஒருத்தி எனக்காகப் பயந்திருக்கிறாள், நான் அதற்கு எரிந்து விழுந்திருக்கிறேன் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகல அத்தை, பாருங்க" என்று கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்தேன்.

"இன்னும் முடியலட்டீ" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ அங்க போய்ச் சேந்தாத்தான் போன வருசத்துப் பையி போய்ச் சேந்த மாதிரி. போனதும் தெருமுனைக் கடைக்குப் போன் பண்ணு. ஒங்கம்மாகிட்ட சொல்லிக்கிடலாம்னு இருந்துராத. என்கிட்ட சொல்லு."

செவ்வாய்க்கிழமை அவள் புனா ஸ்டேஷனுக்கு வரவில்லை. வந்தால் தன் கை பையில் பட்டுவிடும் என்று பயந்தாளாம். அப்பா என்னோடு கோயம்புத்தூர் வரை வந்து, பணம் கட்டி, ஹாஸ்டல் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார். அறையில் மூன்று கட்டில், இரண்டில் ஆள் இருந்தது. ஒருத்தி என் பேச்சைக் கேட்டு, "நீ எந்த ஊர்?" என்றாள். "புனா" என்றேன். "அதான்" என்றாள். கொஞ்சம் வலித்தது. ஓடிப் போக வேண்டும் போல் இல்லை.

எதிர்ச்சாரியில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. எங்கள் சாலில் யார் வீட்டிலும் போன் கிடையாது, தெருமுனை மளிகைக் கடைக்குத்தான் கூப்பிட வேண்டும். யாராவது போய்ச் சொல்லி, ஆள் வந்து, அதற்குள் லைன் போய்விடும். அன்று கடைக்காரர் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் போன் கை மாறியது. காலையில் கடை திறந்ததிலிருந்து அத்தை அங்கேயே நின்றதாகப் பின்னால் அம்மா சொன்னாள்.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டேன் அத்தை. ரூம் குடுத்துட்டாங்க."

"பையி?"

"கட்டில்ல வச்சிருக்கேன். இன்னும் பிரிக்கல."

அந்தப் பக்கம் கடைக் கூரையில் மழை விழும் சத்தமும், அவள் மூச்சும் கேட்டன.

"சரி. இனி ஒரு அவசரமும் இல்ல. ஆற அமரப் படி" என்றாள்.

சொன்ன கையோடு போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வைக்கவில்லை.